‘சும்மா விசாரணைதான்’ என்று கூப்பிட்டபோது

தம்பிக்கும் அவன் தொழில் பார்ட்னருக்கும் கணக்கில் தகராறு. அவர் மோசடி என்று புகார் கொடுத்துவிட்டார். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது: “சும்மா விசாரணைதான், வந்துட்டுப் போங்க.” வக்கீலோடு போனால்தான் சந்தேகப்படுவார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் பயந்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன்.

வந்த நோட்டீஸில் ‘பி.என்.எஸ்.எஸ். 35(3)’ என்றிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இது. பழைய சட்டத்தில் 41ஏ நோட்டீஸ் என்றது இதைத்தான். விவரம் தெரிந்த சாட்சியை அழைப்பது என்றால் 179-ஆம் பிரிவு என்று போட்டிருக்கும். 35(3) என்றால் சந்தேகம் உங்கள் மீதே. அந்த எண்ணைப் பார்த்த அன்றே கிரிமினல் வழக்கு நடத்துகிற ஒரு பெண் வக்கீலிடம் போனோம்.

அவர் முதலில் காவல்துறை இணையதளத்திலிருந்து எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்தார். நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல். அதில் போட்டிருந்த பிரிவுகள் இரண்டுக்குமே தண்டனை ஏழு ஆண்டுக்கு மேல் போகாது. அப்படிப்பட்ட வழக்கில் இயந்திரம் போலக் கைது செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஆஜரானால், காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்ய முடியாது. ஆஜராகாமல் இருந்தால் அதுவே கைதுக்கு வழி. “முன்ஜாமீன் மனுவைத் தயாரா வெச்சுக்கலாம், இப்பவே போட வேண்டாம்” என்றார். இந்த நிதானத்துக்குத்தான் வக்கீல் வேண்டும். நாங்களாக இருந்தால் ஒன்று ஓடியிருப்போம், இல்லை வெறுங்கையோடு போய் நின்றிருப்போம்.

வங்கிக் கணக்கு விவரம், ஒப்பந்தம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, ஸ்டேஷனில் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கச் சொன்னார். விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் தம்பி கையெழுத்துப் போடத் தேவையில்லை, சட்டமே அதைக் கேட்கவில்லை என்றும் சொல்லிக்கொடுத்தார். ஸ்டேஷன் ரைட்டர் தாளை நீட்டியபோது தம்பி மரியாதையாக மறுத்தான், அவரும் வற்புறுத்தவில்லை. விசாரணை முழுக்கப் பக்கத்தில் உட்கார வக்கீலுக்கு உரிமை கிடையாது. ஆனால் கைதானால் விசாரணையின்போது அவரைச் சந்திக்கும் உரிமை உண்டு. அன்று அவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். உள்ளே தம்பி பதறாமல் பேசியதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வழக்கு இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது. பணமில்லையே என்று தயங்குகிறவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100-க்கும் அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவசமாகவே வக்கீல் தருவார்கள். ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன்பே கேளுங்கள்.