முதலில் விதி, பிறகு பயம்: ‘தி வாக்கிங் டெட்’ இரண்டாவது எபிசோட்

‘தி வாக்கிங் டெட்’ தொடரில் மொத்தம் 11 சீசன், 177 எபிசோட். இதைவிட ரத்தம் அதிகம் கொட்டிய எபிசோடுகள் உண்டு, அதிகம் பேர் பார்த்தவையும் உண்டு. ஆனால் ஒரு ஜாம்பிக் கதையில் பதற்றத்தை எப்படிக் கட்டுவது என்று பாடம் எடுக்க ஒன்றே ஒன்றைத்தான் போட்டுக் காட்டலாம் என்றால், என் கை முதல் சீசனின் இரண்டாவது எபிசோடான ‘கட்ஸ்’ பக்கம்தான் போகும். 2010 நவம்பர் 7-ஆம் தேதி ஏஎம்சி சேனலில் ஒளிபரப்பானது. எழுதியவர் ஃப்ராங்க் டேரபான்ட், இயக்கியவர் மிஷல் மெக்லாரன். இதில் ஆபத்து எதுவும் திடீரென்று குதிப்பதில்லை. வாக்கர்களை, அதாவது இந்தத் தொடரின் ஜாம்பிகளை, பற்றிய விதியை முதலில் நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு அந்த விதியை வைத்தே கதாபாத்திரங்களை நெருக்குகிறார்கள்.

முதல் எபிசோட் முடியும்போது கதாநாயகன் ரிக் அட்லாண்டா நகரத் தெருவில் ஒரு ராணுவ டாங்குக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறான். சுற்றிலும் வாக்கர்கள். வானொலியில் ஒரு குரல். ‘கட்ஸ்’ அங்கிருந்து தொடங்குகிறது (அதற்கு முன் முகாமில் ரிக்கின் மனைவி லோரி, நண்பன் ஷேன் காட்சி ஒன்று வருகிறது, அது வேறு கணக்கு). அந்தக் குரல் க்ளென். கூரை மேலிருந்து பார்ப்பவன் அவன். உள்ளே இருப்பவனுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. அதனால் இந்த உரையாடல் முழுக்கத் தகவல் பரிமாற்றம்தான், ஒரு சொல்லும் வீண் இல்லை. கூட்டத்தில் பெரும்பாலானவை ரிக் ஏறி வந்து விழுந்த குதிரையைத் தின்னப் போய்விட்டன. டாங்கின் மேலே ஒன்றுதான் மிச்சம். தெருவின் அந்தப் பக்கம் நெரிசல் குறைவு. தோட்டாப் பை தெருவில் கிடக்கிறது, ஆனால் அதை எடுக்க வழியில்லை. உள்ளே செத்துக் கிடக்கும் ராணுவ வீரனிடமிருந்து கிடைத்தது ஒரு பெரெட்டா கைத்துப்பாக்கி, ஒரே ஒரு மேகசின், 15 தோட்டா. வலப்பக்கம் குதி, நிற்காமல் ஓடு, சுமார் 50 கஜத்தில் ஒரு சந்து வரும், அங்கே நான் இருப்பேன் என்கிறான் க்ளென்.

இந்த எண்களைக் காதில் வாங்கிக்கொண்ட பார்வையாளர் அடுத்த அரை நிமிடம் தன்னை அறியாமலே தோட்டாக்களை எண்ணத் தொடங்கிவிடுவார். பதற்றத்தின் முதல் படி அதுதான். எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தானே தீர்ந்துபோகிறது என்று பதற முடியும். டாங்கைத் துழாவும்போது ரிக் ஒரு கையெறி குண்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறான். இந்த எபிசோடில் அது வெடிக்கவே வெடிக்காது. சீருடையைத் துவைக்கும்போது முகாமில் இருக்கும் கரோல் கையில் சிக்கி, ஆறாவது எபிசோடில் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கண்ணாடியை உடைத்து வெளியேற அதுதான் உதவுகிறது.

சந்து, ஏணி, கூரை, மறுபடி கீழே இறங்கி ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குள். உள்ளே நுழைந்ததும் க்ளென்னோடு வந்த ஆண்ட்ரியா ரிக்கின் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டுகிறாள். அவளுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவன் தெருவில் சுட்ட ஒவ்வொரு தோட்டாவும் சுற்றுவட்டாரத்து வாக்கர்களை எல்லாம் இந்தக் கடை வாசலுக்கு இழுத்து வந்திருக்கிறது. முதல் விதி இங்கே பதிகிறது: சத்தம் கூட்டத்தைக் கூட்டும். அதை யாரும் விளக்கவுரையாகச் சொல்வதில்லை, திட்டாகச் சொல்கிறார்கள். உடனே அதே கூட்டத்தைச் சேர்ந்த மெர்ல் கூரையில் நின்று துப்பாக்கியால் சுடும் சத்தம் கேட்கிறது. விதி தெரிந்த பிறகு கேட்பதால் அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் அடிவயிற்றைப் பிசைகிறது. ரிக் அவனைக் கூரையில் ஒரு குழாயோடு சேர்த்துக் கைவிலங்கு மாட்டுகிறான்.

இதே கடைக்குள் ஒரு சின்ன இடம் உண்டு, பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். ஆண்ட்ரியா மன்னிப்புக் கேட்கும்போது, அடுத்த முறை சேஃப்டியை எடுத்துவிட்டு நீட்டு, இல்லாவிட்டால் சுடாது என்கிறான் ரிக். இது உன் துப்பாக்கியா என்றும் கேட்டு, சுடத் தயார் என்று காட்டும் சிவப்புப் புள்ளி தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறான். ரிக் போலீஸ்காரன் என்பதும், அவளுக்கு ஆயுதப் பழக்கம் இல்லை என்பதும், இந்தக் கூட்டம் எவ்வளவு தயாரிப்பு இல்லாமல் நகரத்துக்குள் வந்திருக்கிறது என்பதும் ஒரு சேஃப்டி பித்தானில் அடங்கிவிடுகின்றன.

வாசலில் இரண்டு அடுக்குக் கண்ணாடிக் கதவு. வாக்கர்கள் வெளி அடுக்கை உடைத்துவிட்டன, உள் அடுக்கு மட்டும் பாக்கி. இந்த எபிசோடின் கடிகாரம் அந்தக் கண்ணாடிதான். எத்தனை மணி நேரம் மிச்சம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. விரிசலைக் காட்டினாலே போதும்.

சாக்கடை வழியாகத் தப்பிக்கும் முயற்சி ஒன்று வருகிறது. நகராட்சியில் வேலை பார்த்த ஜாக்கிக்குப் பழைய கட்டடங்களின் அடித்தளத்தில் வெள்ளநீர்ச் சுரங்கம் இருக்கும் என்று தெரியும். க்ளென்னும் மொராலெஸும் இறங்கிப் பார்க்கிறார்கள். தடித்த இரும்புக் கம்பி அடைத்து நிற்கிறது, அறுக்கக் கருவி இல்லை. திரும்பிவிடுகிறார்கள். இந்தப் பகுதி கொஞ்சம் தொய்வுதான். ஆனாலும் இது வேண்டும். எளிய வழி அடைபட்டால்தான் அடுத்து வரும் அருவருப்பான வழியை நாம் ஏற்போம்.

அடுத்த விதி ஒரு கேள்வியாக வருகிறது. உயிரோடு இருப்பவனையும் செத்தவனையும் வாக்கர் எப்படிப் பிரித்து அறிகிறது? வாசனை. அவற்றின் மேல் பிண வாடை, நம் மேல் அது இல்லை. தொலைநோக்கியில் கொஞ்ச தூரத்தில் ஒரு கட்டுமான இடம் தெரிகிறது. அங்கே லாரிகள் இருக்கும், சாவியும் அங்கேயே இருக்கும். அதுவரை நடந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

தயாரிப்பைக் காட்டும் விதம்தான் இந்த எபிசோடின் உச்சம். மேலே நீளமான கோட், கையில் கையுறை. தோலிலும் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்ற எச்சரிக்கை. சந்தில் அடித்துக் கொன்ற ஒரு வாக்கரை உள்ளே இழுத்துவந்து தரையில் போடுகிறார்கள். தீயணைப்புப் பெட்டியின் கண்ணாடியை உடைத்துக் கோடரி எடுக்கிறான் ரிக். ஓங்கியவன் நிறுத்திவிட்டு, அந்தப் பிணத்தின் பர்ஸை எடுத்துப் பார்க்கிறான். வெய்ன் டன்லப். ஜார்ஜியா மாநில ஓட்டுநர் உரிமம். 1979-இல் பிறந்தவன். பர்ஸில் 28 டாலர். ஒரு பெண்ணின் புகைப்படம். நம்மைப் போலத்தான் வாடகைக்கும் பில்லுக்கும் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருப்பான் என்கிறான் ரிக். உரிமத்தை வாங்கிப் பார்த்த க்ளென், உடலுறுப்பு தானம் செய்யப் பதிந்தவன் என்று சொல்கிறான். பிறகுதான் முதல் வெட்டு விழுகிறது.

28 டாலர் என்று அந்த எண்ணை எதற்காகச் சொன்னார்கள்? அது இல்லாவிட்டால் தரையில் கிடப்பது ரப்பரும் சாயமும்தான். அந்தத் தொகையும் பிறந்த ஆண்டும் வந்த பிறகு அங்கே ஒரு மனிதன் கிடக்கிறான். அடுத்த இரண்டு நிமிடம் நாம் முகம் சுளிப்பதற்குக் காரணம் ரத்தம் மட்டும் இல்லை. பின்னால் வந்த சீசன்களில் ஆயிரக்கணக்கான வாக்கர்களின் தலையில் கத்தி இறங்கியது. ஒன்றுக்கும் இந்தக் கனம் இல்லை.

கையுறைக் கையால் அள்ளிக் கோட்டில் பூசுகிறார்கள். குடலைக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிடுகிறார்கள். வெட்டிய உறுப்புகளும் அதோடு தொங்குகின்றன. க்ளென் வாந்தி எடுக்கிறான். கிளம்புமுன் ரிக் கைவிலங்குச் சாவியைக் கூட்டத்தில் ஒருவனான டி-டாக்கிடம் கொடுக்கிறான். இந்தச் சாவியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடை. முழு வேகத்தில் ஓடத் தோன்றும் இடத்தில் இருவரும் கால் இழுத்து, தோளைத் தொங்கவிட்டு, ஒன்றிரண்டு முனகலோடு போக வேண்டும். இங்கே ஒப்பனைக் குழுவின் உழைப்பைச் சொல்லியாக வேண்டும். கிரெக் நிகோடெரோவின் கேஎன்பி நிறுவனம் வாக்கர்களைக் கேமராவிலிருந்து இருக்கும் தூரத்தை வைத்துத் தரம் பிரிக்கிறது. நெருக்கமாகக் காட்டுபவர்களுக்கு முழு முக ஒட்டு, பல்செட், கண் லென்ஸ் எல்லாம் உண்டு. நடுவில் நிற்பவர்களுக்குப் பாதி வேலை. தூரத்தில் நிற்பவர்களுக்கு முகமூடியே போதும். இந்த சீசனை டிஜிட்டலில் எடுக்காமல் 16 எம்எம் ஃபிலிமில் எடுத்ததால் படத்தில் ஒரு சொரசொரப்பு இருக்கிறது. தூரத்து முகமூடியையும் பக்கத்து ஒட்டையும் ஒரே உலகமாகக் காட்டுவது அந்தச் சொரசொரப்புதான். ரிக்கும் க்ளென்னும் கூட்டத்தின் நடுவே உரசிப் போகும்போது எந்த முகத்திலும் தையல் தெரியாது.

பிறகு மழை. கூரையில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்து, இந்த ஊரில் அடிக்கடி இப்படித்தான், சட்டென்று பெய்து நின்றுவிடும் என்று தங்களைத் தேற்றிக்கொள்கிறார்கள். கீழே க்ளென், வாடை கழுவிப்போகிறதோ என்று முணுமுணுக்கிறான். இல்லை என்கிறான் ரிக். ஒரு வாக்கர் முகத்தைத் திருப்பி மோப்பம் பிடிக்கிறது. இருக்கலாம் என்று மாற்றிச் சொல்கிறான். அந்த இரண்டு பதில்களுக்கு நடுவில் உள்ள சில நொடிகளுக்காகவே இதைத் திரும்பப் பார்க்கலாம்.

அறிவியலாகவும் இது பொருந்துகிறது. பிணவாடைக்கு முக்கியக் காரணமான புட்ரெசின், கடாவரின் என்ற இரண்டு ரசாயனங்களும் நீரில் கரையும். ரத்தமும் கரையும். கொழுப்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக, பலத்த மழை வாடையை முழுக்கப் போக்காவிட்டாலும் நன்றாகக் குறைத்துவிடும்.

ஓட்டம், கம்பி வலை வேலி, லாரி. கிடைத்தது லாரி, ஆனால் கடை வாசலில் கூட்டம். அங்கே முதல் விதியையே திருப்பிப் போடுகிறார்கள். சத்தம் கூட்டத்தைக் கூட்டும் என்றால், வேறு இடத்துக்கும் கூட்டிப் போகும். ஒரு சிவப்பு டாட்ஜ் சாலஞ்சரின் அலாரத்தை அலறவிட்டு க்ளென் ஓட்டிப் போகிறான், வாக்கர்கள் பின்னால் போகின்றன, ரிக் லாரியைப் பின்னோக்கி ஷட்டருக்கு ஒட்டி நிறுத்துகிறான். காலையில் கொல்லப் பார்த்த அதே சத்தம் மாலையில் காப்பாற்றுகிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், ஏற்கெனவே சொன்னதை வைத்தே முடிச்சை அவிழ்ப்பது நல்ல திரைக்கதையின் அடையாளம்.

கூரையில் டி-டாக் மெர்லை விடுவிக்க ஓடுகிறான். கால் இடறுகிறது, சாவி கையிலிருந்து தெறித்து வடிகால் துளைக்குள் விழுகிறது. அவனால் செய்ய முடிந்தது, கூரைக் கதவைச் சங்கிலியால் சுற்றிப் பூட்டுப் போட்டுவிட்டு ஓடுவதுதான். வாக்கர்கள் மெர்லைத் தின்னாமல் இருக்க அந்தப் பூட்டு போதும். அவன் தப்பிக்க அது உதவாது. அடுத்த எபிசோடில் திரும்பிப் போகும்போது ரம்பமும் அறுபட்ட ஒரு கையும்தான் கிடக்கின்றன. மெர்லும் அவன் தம்பி டேரிலும் ராபர்ட் கிர்க்மனின் மூலக் காமிக்ஸில் கிடையாது, தொலைக்காட்சிக்காகவே உருவானவர்கள். குடல் பூசி நடப்பதும் மழையும் காமிக்ஸிலேயே உண்டு. ஆனால் அங்கே இருவரும் துப்பாக்கி எடுக்கப் போகிறார்கள். இங்கே ஆறேழு பேர் உயிர் அதில் தொங்குகிறது. அந்த மாற்றம்தான் இதைப் பதற வைக்கிறது.

ஒரு குறை இருக்கிறது. இந்த எபிசோடில் ஒரு வாக்கர் கல்லால் கண்ணாடியை இடிக்கிறது, வேறு சில வேலியில் ஏறுகின்றன. பிறகு பல சீசன்களுக்கு அந்தத் திறமை காணாமல் போகிறது. விதிகளை நம்பி நிற்கும் தொடருக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2022-இல் கடைசி சீசனில்தான் ஏறவும் கதவு திறக்கவும் தெரிந்த வாக்கர்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவு நன்றாக வேலை செய்யும் வழி என்றால் ஏன் தினமும் பூசிக்கொண்டு அலையவில்லை என்று ரசிகர்கள் கேட்பார்கள். தொடரே விடை சொல்கிறது. இரண்டாவது சீசனில் நெடுஞ்சாலையில் டேரில் பிணத்தை மேலே இழுத்துப் போட்டு டி-டாக்கை மறைக்கிறான், அது அசையாமல் கிடக்கும்வரைதான். பின்னால் வரும் மிச்சோன் கையும் தாடையும் இல்லாத இரண்டு வாக்கர்களைச் சங்கிலியில் கட்டிக் கூட்டிப் போகிறாள். ஐந்தாவது சீசனில் கரோல் தனியாகப் பூசிக்கொண்டு எதிரிகளின் இடமான டெர்மினஸுக்குப் போய் வெல்கிறாள். ஆறாவதில் அலெக்ஸாண்ட்ரியா குடியிருப்பில் ஒரு குடும்பமே துணி போர்த்திப் பூசி நடக்கும்போது, சிறுவன் சாம் பயத்தில் நின்றுவிடுகிறான். முறை சரியாகவே இருந்தது, மனம்தான் தாங்கவில்லை. எட்டாவதில் பாதிரியார் கேப்ரியல் பூசிக்கொண்டு தப்பித்த பிறகு கடுமையான தொற்றால் படுத்துவிடுகிறார். இரண்டாவது எபிசோடில் தோலிலும் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள் என்றது வெறும் பேச்சு இல்லை என்று அங்கேதான் நிரூபணமாகிறது. நடுவில் ஏழு சீசன்களாக முகம் முழுக்க ரத்தம் தெறித்தும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்பது மட்டும் என்னால் ஏற்க முடியாத இடம்.