ஹாட் டிஸ்க் செத்துப்போச்சு என்று வரும் பெட்டிகள்

மழைக்காலத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஹட்டன் கடைகளுக்கு வரும் கம்ப்யூட்டர்களோடு ஒரு முறைப்பாடும் கூடவே வரும்: "ஹாட் டிஸ்க் செத்துப்போச்சுங்க, வேற ஒன்னு போட்டுத் தாங்க." புது டிஸ்க் விற்க நல்ல சந்தர்ப்பம்தான். ஆனால் மூடியைக் கழற்றினால் பல பெட்டிகளில் டிஸ்க் நன்றாகவே இருக்கும். அதைத் தாய்ப்பலகையோடு சேர்க்கும் ஒன்றரை அடிச் சிவப்பு வயர்தான் விட்டுப்போயிருக்கும்.

அந்தச் சிவப்பு வயர்தான் சாட்டா டேட்டா வயர். அதன் முனையில் 7 தொடுமுனைகள், கரண்ட் தரும் பவர் முனையில் 15. பழைய வயர்களில் உலோகக் கொக்கி கிடையாது. இறுக்கத்தை மட்டும் நம்பி நிற்கும். குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் த்ரீவீலில் ஒரு முறை குலுங்கினால் போதும். இந்த இணைப்பான் ஏறத்தாழ 50 தடவை செருகிக் கழற்றத்தான் கணக்கிடப்பட்டது. வேலை மேசையில் சோதனைக்கென்று வைத்திருக்கும் வயர் சீக்கிரமே அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். அதை வைத்துக்கொண்டு அடுத்தவர் டிஸ்க்குக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

முழுதாகக் கழன்றால் நல்லது, உடனே தெரிந்துவிடும். அரைகுறையாக நிற்பதுதான் தொல்லை. வழியில் கெட்டுப்போன தரவைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவதால் மெஷின் உறைந்து உறைந்து ஓடும். அப்போது ஸ்மார்ட் பட்டியலில், அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியலில், 199ஆம் வரியைப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் அதைப் பதினாறடிமான எண்ணில் சி7 என்று காட்டும். வயர் வழியில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை அது. குறித்துக்கொண்டு, வயரை மாற்றி, 20 ஜிபி அளவுக்குக் கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் எண் ஏறாமல் நிற்க வேண்டும். பழைய எண் அழியாது, அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. 05, சி5 ஆகிய வரிகளில் எண் ஏறிக்கொண்டு போனால் கதை வேறு: கெட்டுவருவது டிஸ்க்கின் உள்ளே தரவு பதியும் தட்டே. வேறு எதையும் தொடாமல் முதலில் படங்களையும் கணக்குகளையும் வெளியே எடுக்க வேண்டும்.

மலை உயரத்தைக் குறை சொல்பவர்களும் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. சாதாரண டிஸ்க்குகள் சுமார் 3,000 மீற்றர் வரை ஓடும். குற்றம் உயரத்தில் இல்லை, பனிமூட்டத்தில். குளிரில் கொண்டுவந்த பெட்டியைச் சூடான அறைக்குள் வைத்ததும் கரண்ட் கொடுத்தால் உள்ளே நீர் பூத்திருக்கும். ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். ஈரம் சில டிஸ்க்குகளின் அடிப்பலகைத் தொடுபுள்ளிகளைக் கறுக்கவும் வைக்கும். டி6 நட்சத்திரத் திருப்பியால் பலகையைக் கழற்றி, வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்தால் பல நேரம் உயிர் வரும். அதே மாடல் என்று இன்னொரு டிஸ்க்கின் பலகையை எடுத்து மாட்டிப் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய அளவுத் திருத்தங்கள் அதன் சொந்தப் பலகையின் சிப்பில் பதிந்திருக்கும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "சாட்டா 3 வயர்" என்று கூடுதல் விலைக்கு விற்பது வெறும் பேச்சு. ஒழுங்காகச் செய்த பழைய வயரே நொடிக்கு 6 கிகாபிட்டுக்குத் தாங்கும். சுழலும் டிஸ்க் நொடிக்கு 200 எம்பி அளவில் நின்றுவிடுவதால் 3 கிகாபிட் துளையே அதற்குத் தாராளம். சுழலாத சிப் டிஸ்க்கான எஸ்எஸ்டியை அந்தப் பழைய துளையில் மாட்டினால் 550 எம்பிக்குப் பதில் 270 அளவில்தான் வரும், ஆனாலும் ஆபீஸ் பெட்டிக்குப் புத்துயிர் வந்த மாதிரி இருக்கும்.

செக்ரோல் என்ற தோட்டச் சம்பளப் பதிவேட்டுக் கணக்குக்காகத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் விண்டோஸ் எக்ஸ்பி மெஷின்களில் இன்னும் சாட்டாவுக்கு முந்திய ஐடிஇ பட்டை வயர். நீல முனை தாய்ப்பலகைக்கு, கறுப்பு மாஸ்டர் எனும் முதல் டிஸ்க்குக்கு, நடுச் சாம்பல் ஸ்லேவ் எனும் இரண்டாவதுக்கு. எது மாஸ்டர் என்று குறிக்கும் சிறு செருகியான ஜம்பர் இரண்டு டிஸ்க்கிலும் மாஸ்டரில் இருந்தால் இரண்டும் தெரியாமல் போகலாம். முனை 40 என்றாலும் வயர் 80 இழை இருக்க வேண்டும். 40 இழை வயரில் வேகம் நொடிக்கு 33 எம்பியைத் தாண்டாது. ஆறு பிழைக்கு மேல் சேர்ந்தால் எக்ஸ்பி தானாகவே மிக மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கிவிடும், வயரை மாற்றினாலும் ஏறி வராது. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை அழித்து மறுபடி பூட் செய்தால்தான் திரும்பும்.

புது மெஷின்களில் ஏமாற்றுவது எம்.2, அதாவது வயரில்லாமல் எஸ்எஸ்டியை நேரே தாய்ப்பலகையில் செருகும் துளை. துளைக்குள் நுழைந்துவிட்டது என்பதால் ஓடும் என்றில்லை. எஸ்எஸ்டியின் தொடுமுனைப் பக்கத்தில் ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா; நிச்சயத்துக்கு ஒட்டுச்சீட்டையும் தாய்ப்பலகைக் கையேட்டையும் படிக்க வேண்டும். "புது எஸ்எஸ்டி போட்டேன், பழைய டிஸ்க்கைக் காணோம்" என்பவர்களின் தாய்ப்பலகையில் எம்.2 துளையும் ஏதோ ஒரு சாட்டா துளையும் ஒரே பாதையைப் பங்கிட்டிருக்கும். பழைய டிஸ்க்கின் வயரை அடுத்த துளைக்கு மாற்றினால் முடிந்தது. 11ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்பில் விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே தெரியாவிட்டால் டிஸ்க்கைத் திட்டாமல், டிஸ்க்கைக் கட்டுப்படுத்தும் இன்டெல்லின் விஎம்டி அமைப்புக்குரிய டிரைவரைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்ற வேண்டும். பயோஸில் விஎம்டியை நிறுத்தியும் பார்க்கலாம். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் உள்ள மெஷினில் அதையோ, சாட்டா டிஸ்க்கை இயக்கும் ஏஎச்சிஐ அமைப்பையோ மாற்றினால் நீலத்திரைதான் வரும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிக்குப் பிறகு வருவது இன்னொரு வகை. டிஸ்க்கை மாட்டினால் மெஷின் அசையாது, கழற்றினால் ஓடும். டிஸ்க்கின் பலகையில் 5, 12 வோல்ட் வழிகளுக்குக் காவலாக இருக்கும் டிவிஎஸ் டயோடு தன்னைக் கொடுத்து ஷோர்ட் ஆகியிருக்கும். மல்டிமீற்றர் அதன் இரு முனைக்கும் இடையே பூச்சியத்துக்கு நெருங்கிய ஓம் காட்டினால் அதுதான். கழற்றிவிட்டு நல்ல பவர் சப்ளையில் மாட்டினால் பெரும்பாலும் சுழலும். இனி அதற்குக் காவல் இல்லை, ஆகவே அன்றைக்கே எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டு டிஸ்க்கை ஒதுக்கிவிடுவதே வழக்கம்.