அணையா அடுப்பைக் காப்பவர்கள்

வடலூர் சத்திய தருமச்சாலையில் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வள்ளலார் தொடங்கிவைத்த அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. சாதி, மதம், ஊர் எதையும் கேட்காமல், பசியோடு வருகிற எவருக்கும் அங்கே சோறு உண்டு. குறிஞ்சிப்பாடியிலுள்ள என் சித்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தருமச்சாலையிலும் ஒரு பொழுது இருந்துவிட்டு வருவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அடுப்பை மூட்டியவரை உலகம் அறியும். அதற்கு அரிசியும் விறகும் சேர்ப்பவர்களைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

தொடக்கமே மக்கள் கொடையால் அமைந்தது. இன்றைய வடலூர்ப் பகுதியான அன்றைய பார்வதிபுரத்துக் குடிகள் தங்கள் நிலத்தில் சுமார் 80 காணியை வள்ளலாரின் பணிக்கென்று எழுதிக்கொடுத்தார்கள். உழுது பிழைக்கிறவர்கள் உழுகிற மண்ணையே கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. இப்போது நிர்வாகம் இந்து சமய அறநிலையத் துறையிடம் இருந்தாலும், சுற்று வட்டாரத்து மக்கள் கொடுப்பதை நிறுத்திவிடவில்லை.

தைப்பூசத்தை ஒட்டி அறுவடை முடித்த விவசாயிகள் அரிசி மூட்டைகளோடும், பூசணி, பரங்கி, வாழைக்காய்களோடும் வந்து இறக்குவதைக் காணலாம். கடைக்காரர்கள் பருப்பும் எண்ணெயும் அனுப்புகிறார்கள். என் சித்தியோ நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். தறியில் வேலை இல்லாத மாதங்களை நிறையப் பார்த்தவர். ஒவ்வொரு வேளையும் உலையில் இடுவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்துப் பழைய எவர்சில்வர் தூக்கில் போட்டுவிடுவார். தூக்கு நிறைந்ததும் துணிப்பையில் கொட்டி வடலூருக்குக் கொண்டுபோவார். "நம்ம வீட்டுச் சோத்துல யாருக்கும் குறையல, அங்க ஒருத்தருக்குப் பசி ஆறும்" என்பதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. மூட்டை மூட்டையாக வருகிற அரிசிக்கு எந்த வகையிலும் குறைந்ததாக அந்தப் பிடி அரிசியை என்னால் எண்ண முடியவில்லை.

பொருள் கொடுக்க இயலாதவர்கள் உடலுழைப்பைக் கொடுக்கிறார்கள். சென்ற முறை நான் போயிருந்தபோது அரிவாள்மணையின் முன் அமர்ந்திருந்த அம்மாள் ஒருவர், பூசணியின் குடலை வழித்தெடுத்து, விதையைத் தனியே ஒதுக்கி, என் பக்கம் ஒரு துண்டைத் தள்ளி, "பெருசா நறுக்குங்க, சின்னதா நறுக்கினா குழம்புல கரைஞ்சுபோயிடும்" என்றார். நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் பரிமாறிக்கொண்டிருந்தார், குனிய முடியாதவர் போலத் தோன்றியும், ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, "போதுமா?" என்று கேட்ட பிறகே வாளியை நகர்த்தினார். அந்தக் கேள்விக்காகவே இன்னொரு கரண்டி கேட்கத் தோன்றும். பந்தி முடிந்ததும், சாப்பிட்டவர்களில் ஒரு பெரியவர் எவரும் சொல்லாமலே துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினார்.

பிறந்தநாள், திருமண நாள், பெற்றோர் நினைவு நாள் ஆகியவற்றுக்கு ஒரு வேளை உணவுச் செலவை ஏற்பவர்களும் உண்டு; வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்களும் உண்டு. அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தைப்பூசத்தன்று ஊர் முழுவதும் அன்னதானப் பந்தல்கள் நிற்கின்றன. அன்று கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. நான் கண்டவரை ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் கூலி வேலை கிடைக்காமல் பந்தியில் உட்காருபவர்கள் கூடுகிறார்கள், சாமான் கொண்டுவருபவர்கள் குறைகிறார்கள். நாள் குறிப்பது உங்கள் கையில் இருந்தால், சிறப்பு எதுவும் இல்லாத ஒரு மழைக்காலத்துச் செவ்வாயையோ புதனையோ தேர்ந்தெடுங்கள். கொடுப்பதற்கு முன் சமையல் பொறுப்பில் இருப்பவர்களிடம் எது தேவை என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. நான் கடந்த ஐப்பசியில் அரிசி வாங்கவே எண்ணியிருந்தேன். கேட்டபோது பருப்புத்தான் தீரப்போகிறது என்றார்கள். சித்தியின் தூக்கு அரிசியோடு, ஒரு மூட்டைத் துவரம்பருப்பையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இருவரும் போனோம்.