தம்பியின் சுகத்துக்குச் சாட்சியம் எழுதியபோது

எங்கள் பங்கின் திருவிழா மலருக்காக, தம்பிக்குக் கிடைத்த சுகத்தைச் சாட்சியமாக எழுதித் தரும்படி பங்குத்தந்தை கேட்டபோது, ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று எண்ணித்தான் ஒப்புக்கொண்டேன். முடிக்க ஏழு மாதங்கள் ஆயின.

அந்த நிகழ்ச்சி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். 2009 ஆகஸ்டில், ஏற்காட்டில் அப்பா கணக்குப்பிள்ளையாக இருந்த காப்பி எஸ்டேட்டில், ஒன்பது வயதுத் தம்பி காய்ச்சலோடு வலிப்பும் வந்து நினைவிழந்தான். ஜீப்பில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரவோடு இரவாக இறங்கி, சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருத்துவர்கள் கைவிட்டார்கள், மூன்று நாள் கண் திறக்கவில்லை, அம்மா லூர்து மாதாவுக்கு நேர்ந்துகொண்ட விடியலில் கண் விழித்துப் பால்காப்பி கேட்டான். அப்போது நான் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எதையும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்தவனைப்போலத்தான் பல ஆண்டுகளாகப் பலரிடமும் சொல்லி வந்திருக்கிறேன் என்பது, எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

முதல் முயற்சியிலேயே ஒரு தவறு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டேன். அம்மா சொல்லச் சொல்ல மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கிடைத்தது நான்கு சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சி. சில வாரங்கள் விட்டு, தனித்தனியாகக் கேட்டேன். அப்பாயி, அது சாயங்காலம், தாம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது நடந்தது என்றார். அப்பாவோ, விடியற்காலையில் டீ வாங்க வெளியே போய்த் திரும்பியபோது பையன் விழித்திருந்தான் என்றார். மருத்துவர்கள் கைவிட்டதைப் பற்றிக் கேட்டதற்கு, சற்று யோசித்துவிட்டு, "நாற்பத்தெட்டு மணி நேரம் போகட்டும், அதற்குப் பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள்" என்றார். கைவிட்டதாகச் சொன்னது யார் என்று அவருக்கும் தெரியவில்லை.

அம்மா ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தாலும் தேதிகள் தெளிவாக இருந்தன. 11ஆம் தேதி இரவு சேர்க்கை. மூளைக்காய்ச்சல் என்ற சந்தேகத்தில் அன்றிரவே அசைக்ளோவிர், செஃப்ட்ரியாக்சோன் என்ற மருந்துகளை நரம்பு வழியே ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். 13ஆம் தேதி விடியற்காலையில் நினைவு திரும்பியிருக்கிறது. மூன்று நாள் அல்ல, ஏறத்தாழ ஒன்றரை நாள். மருந்தே கொடுக்கவில்லை என்று உறவினர் சிலர் சொல்லி வந்ததும் சரியல்ல.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா பொய் சொன்னார் என்று ஒரு கணம்கூட நான் நினைக்கவில்லை. ஆனால் பொய்யே இல்லாத இடத்திலும் ஒரு செய்தி இவ்வளவு வளருமா என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. என் வீட்டில் பதினைந்து ஆண்டுகளுக்குள் நடந்தது, இயேசு வாழ்ந்த கலிலேயாவில் நடந்திருக்காதா? சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த நற்செய்திகளை அதே கேள்விகளோடு மறுபடியும் வாசிக்கத் தொடங்கினேன்.

பயந்துகொண்டேதான் தொடங்கினேன் என்றாலும் முதலில் கண்ணில் பட்டது ஆறுதலாக இருந்தது. இயேசு இறந்த வெள்ளி பிற்பகலிலிருந்து உயிர்த்த ஞாயிறு விடியல்வரை எண்ணினால் அதுவும் ஒன்றரை நாள்தான். அதைத்தான் 'மூன்றாம் நாள்' என்கிறார்கள். தொடக்க நாளையும் முடிவு நாளையும் சேர்த்து எண்ணுவது யூத வழக்கம். அம்மாவும் 11, 12, 13 என்று அப்படித்தான் எண்ணியிருக்கிறார். திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு முதல் திருமுகத்தை எழுதியது ஏறத்தாழ கி.பி. 54இல், இயேசு சிலுவையில் இறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குள். அதன் 15ஆம் அதிகாரத்தில், உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியலை, தாம் 'பெற்றுக்கொண்டதை' ஒப்படைப்பதாகவே அவர் சொல்கிறார். ஆகவே அந்தச் செய்தி கடிதத்தைவிடப் பழையது. கலாத்தியர் திருமுகத்தில், கேபாவோடு, அதாவது பேதுருவோடு, பதினைந்து நாள் தங்கியதையும் ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைப் பார்த்ததையும் குறிப்பிடுகிறார். பெயர் சொல்லக்கூடிய சாட்சிகளோடு நேரில் பேசிய ஒருவரின் கைப்பட்ட எழுத்து என்ற வகையில், இதற்கு நான் அதிக எடை கொடுக்கிறேன். அதே பட்டியலிலுள்ள ஐந்நூறு பேருக்கு அவ்வளவு எடை கொடுக்க முடியவில்லை. பெயரும் இல்லை, இடமும் இல்லை, நற்செய்திகளில் ஈடான குறிப்பும் இல்லை.

மாற்கு நற்செய்தியின் கடைசிப் பகுதிதான் வலித்தது. பாம்புகளைப் பிடிப்பார்கள், நோயாளிகள்மேல் கைவைத்துக் குணமாக்குவார்கள் என்ற வாக்குறுதி 16ஆம் அதிகாரத்தின் 9 முதல் 20 வரையிலான வசனங்களில் வருகிறது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் என்ற பழைய விவிலியக் கையெழுத்துப் படிகள் இரண்டும் 8ஆம் வசனத்தோடு, இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஒன்றும் சொல்லாமல் ஓடியதோடு, முடிகின்றன. தம்பி கிடந்தபோது அம்மா சொல்லிச் செபித்தது இந்தக் கைவைக்கும் வசனத்தைத்தான். பின்னர் சேர்ந்த பகுதி என்று தெரிந்த பிறகு, அதை அன்போடு வாசிக்கிறேன், சான்றாக முன்வைப்பதில்லை. அந்தப் பெண்களோ என்னை நம்பிக்கையின் பக்கம் இழுத்தார்கள். பெண்களின் சாட்சியத்தை ஏற்கக்கூடாது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கும் காலத்தில், வெறுங்கல்லறைக்கு முதல் சாட்சியாக மகதலா மரியாவைக் கற்பனை செய்ய யாருக்கும் அவசியம் இருந்திருக்காது. அதே யோசேப்பு கி.பி. 93 வாக்கில் எழுதிய நூலில், இயேசுவை வியத்தகு செயல்கள் செய்தவர் என்று குறிப்பிடும் ஒரு பத்தி இருக்கிறது. பிற்காலக் கிறிஸ்தவக் கைகள் அதில் சேர்த்தவை உண்டு என்பதால், அதையும் பாதி எடைக்கே எடுத்துக்கொண்டேன்.

ஒரே அளவுகோலைப் பிறருக்கும் வைக்கவேண்டும் என்பது என்னை மிகவும் சோதித்தது. ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் அலெக்சாந்திரியாவில் ஒரு குருடனைக் குணமாக்கியதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். பொய்யால் ஆதாயம் ஏதும் இல்லாத காலத்திலும் நேரில் கண்டவர்கள் அதைச் சொல்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். உடன் குணமான இன்னொருவனுக்கு டாசிட்டஸின்படி கையில் குறை, இன்னொரு ரோம எழுத்தாளரான சுவெடோனியஸின்படி காலில். எங்கள் வீட்டுச் சாயங்காலமும் விடியலும்போல. இதை நான் நம்பவில்லையென்றால் ஏன் என்று சொல்லியாக வேண்டும்: புதிய பேரரசருக்குத் தெய்வ அடையாளம் தேவைப்பட்ட நேரம் அது, குருடனின் பார்வை முழுவதும் போய்விடவில்லை என்று மருத்துவர்கள் சொன்னதையும் டாசிட்டஸே பதிவு செய்கிறார். சீடர்களுக்கோ அப்படிப்பட்ட ஆதாயம் எதுவும் தெரியவில்லை. இந்த வேறுபாடு உண்மையானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் சீடர்கள் தாங்கள் கண்டதை உண்மையான உள்ளத்தோடு சொன்னார்கள் என்பதுவரைதான் வரலாறு என்னைக் கூட்டிச்செல்கிறது. அதற்கு அப்பால் நான் நடப்பது விசுவாசத்தால்.

திருச்சபையே எவ்வளவு கறாராக இருந்திருக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி. பின்னாளில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஆன லாம்பெர்த்தினி 18ஆம் நூற்றாண்டிலேயே வகுத்த விதிகளின்படி, ஒரு சுகத்தைப் புதுமை, அதாவது அற்புதம், என்று ஏற்க நோய் கடுமையானதாகவும், சுகம் திடீரென்றும் முழுமையாகவும் நிலையாகவும் கிடைத்ததாகவும், மருந்தால் விளையாததாகவும் இருக்கவேண்டும். பிரான்சிலுள்ள லூர்து நகரில் பதிவான சுகங்கள் 7,000க்கும் மேல். புதுமை என்று அறிவிக்கப்பட்டவை 70ஐச் சற்றே தாண்டும். தம்பியின் சுகம் கடைசி விதியிலேயே நின்றுவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தேதிகளையும் மருந்துகளின் பெயர்களையும், யார் எதைப் பார்த்தார்கள், யார் எதைக் கேள்விப்பட்டார்கள் என்பதையும் பிரித்து எழுதினேன். 'புதுமை' என்ற சொல்லை விட்டுவிட்டு, 'செபித்தோம், பிழைத்தான், நன்றி சொல்கிறோம்' என்று முடித்தேன். அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மருந்து வந்த இடத்தில் அவர் முகம் மாறியது. நிறுத்தவில்லை, மேலே படி என்றார். முடிந்ததும், "பால்காப்பியை விட்டுட்டியேப்பா" என்று மட்டும் கேட்டார். தனித்தனியாகக் கேட்டபோது அம்மாவும் அப்பாவும் அப்பாயியும் ஒரே மாதிரி சொன்னது அந்த ஒன்றைத்தான். பேனாவை எடுத்து ஓரத்தில் சேர்த்தேன்.