பெரியம்மா மகள் அக்காதான், படிவத்தில் மட்டும் யாரோ

‘கசின் சிஸ்டர்’ என்று நாம் இன்று சொல்லும் உறவுக்குத் தமிழில் தனிப்பெயர் கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. பெரியம்மா மகள், சித்தி மகள், பெரியப்பா மகள், சித்தப்பா மகள் எல்லாரும் அக்கா, தங்கைதான். ‘ஒன்றுவிட்ட அக்கா’ என்பது வெளியாள் கேட்டால் சொல்லும் விளக்கம். வீட்டுக்குள் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கணக்கு எளிது. பெற்றோர் தலைமுறையில் உடன்பிறந்த இருவரும் ஆண்களாகவோ இருவரும் பெண்களாகவோ இருந்தால், அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. ஒருவர் ஆண், ஒருவர் பெண் என்றால் மாமன் மச்சான் முறை. இந்தக் கணக்கு மேலே எத்தனை தலைமுறை போனாலும் பிடிக்கும். அப்பாவின் பெரியப்பா மகனுக்கு மகள் இருந்தால் அவளும் தங்கையே. 1871ல் உறவுமுறைகளைத் தொகுத்து வெளியிட்ட அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன், தமிழரும் வட அமெரிக்காவின் செனெக்கா மக்களும் பெரியப்பா மகளைத் தங்கள் சொந்த உடன்பிறப்பாகவே அழைப்பதைக் கண்டு வியந்திருக்கிறார்.

சிக்கல் வருவது அத்தை மகளிடம். கூடவே வளர்ந்த பாசத்தில் அவளையும் ‘அக்கா’ என்று கூப்பிட்டுப் பழகினால், அவள் அண்ணனும் அண்ணனாகிவிடுவான். பிறகு பெரியவர்கள் முறை பேச உட்காரும்போது சங்கடம். (சங்கடமே நல்லது என்று நினைத்து வேண்டுமென்றே ‘அண்ணா’ போடும் பெண்கள் உண்டு. கெட்டிக்காரிகள்.) 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அண்ணன் தம்பி பிள்ளைகள், அக்கா தங்கை பிள்ளைகள், அண்ணன் தங்கை பிள்ளைகள் எல்லாரையும் ஒரே தடைப்பட்டியலில் வைக்கிறது, வழக்கம் அனுமதித்தால் மட்டும் விலக்கு. அத்தை மகள், மாமன் மகளுக்கு நம் ஊரில் அந்த வழக்கம் இருக்கிறது. பெரியம்மா மகளுக்கு இல்லை.

சடங்குகளிலும் இந்த உறவுக்குக் குறைவில்லை. மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லையென்றால் சித்தப்பா மகள் நாத்தனாராக நின்று தாலியின் மற்ற இரண்டு முடிச்சைப் போடுவாள். பெண்ணுக்கு அண்ணன் தம்பி இல்லையென்றால் பெரியப்பா மகன் அவள் பிள்ளைக்குத் தாய்மாமனாக உட்கார்ந்து மடியில் வைத்துக் காது குத்தவைப்பான். அவள் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடித்துணியும் அவன்தான் கொண்டுவருவான். ‘கூடப்பிறந்தவளா?’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கேட்பது அரசாங்கம்தான். அக்கா தங்கையாகவே வாழ்ந்த இருவர், முக்கியமாக இருவரில் ஒருவருக்குத் திருமணமோ பிள்ளைகளோ இல்லாதபோது, இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது ஆபத்து.

முதலில் பணம். வருமான வரிச் சட்டத்தில் ‘உறவினர்’ என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது: கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தவர், பெற்றோரின் உடன்பிறந்தவர், நேர் மேல்வழி கீழ்வழியினர் (பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்) என்று போகும். பெற்றோரின் உடன்பிறந்தவர் உண்டு, அவர் பிள்ளைகள் இல்லை. அதாவது சித்தி 5 லட்சம் கொடுத்தால் வாங்குபவருக்கு வரி கிடையாது. அதே 5 லட்சத்தைச் சித்தி மகள் கொடுத்தால் முழுத் தொகையும் வாங்குபவரின் வருமானத்தில் சேரும். உறவினர் அல்லாதவர்கள் அன்பளிப்பாகத் தந்த பணம் ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினாலே இந்த விதி வந்துவிடும். தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்று நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நகைக்கும் 50,000 வரம்பு உண்டு. வாங்குபவரின் திருமணத்துக்குத் தரும் அன்பளிப்புக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் காதுகுத்து, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணத்துக்கு இல்லை. எனவே தங்கை கழுத்தில் போட நினைக்கும் 5 பவுனை அவள் கல்யாணத்திலேயே போட்டுவிடுவது நல்லது.

இன்னொரு விசித்திரம்: சட்டம் வாங்குபவரின் பக்கத்திலிருந்துதான் பார்க்கும். சித்தி நமக்குக் கொடுத்தால் வரியில்லை, நாம் சித்திக்குக் கொடுத்தால் உண்டு. அக்கா மகளைச் சித்தியின் உறவினராக அந்தப் பட்டியல் எண்ணவில்லை.

அவசரத்துக்குக் கைமாற்று என்றால் அதைக் கடன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். வட்டி வேண்டாம், ஒரு பக்கக் கடிதம் போதும்: தேதி, தொகை, எப்போது திருப்புவது, இருவர் கையெழுத்து. 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் ரொக்கமாகக் கொடுக்கவும் கூடாது, திருப்பவும் கூடாது. வங்கி வழியாகவே போகட்டும். ‘அக்காவுக்கு எதற்குக் கடிதம்?’ என்ற கூச்சத்தில் விடுவதுதான் பின்னால் அன்பளிப்பா கடனா என்ற கேள்வியில் கொண்டுபோய் நிறுத்தும்.

அடுத்து நாமினி. வங்கிக் கணக்கிலும் வைப்புத்தொகையிலும் பெரியம்மா மகளை நாமினியாகப் போடலாம், தடையில்லை. ஆனால் நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, உரிமை சட்டப்படியான வாரிசுக்கு. உச்ச நீதிமன்றம் 1984ல் காப்பீட்டு வழக்கு ஒன்றிலும் 2023ல் பங்குகள் தொடர்பான வழக்கிலும் இதைச் சொல்லியிருக்கிறது. வருங்கால வைப்பு நிதியில் இன்னும் கடுமை: சட்டம் ‘குடும்பம்’ என்று வரையறுத்தவர்கள் இருக்கும்வரை வேறு யாரையும் நியமிக்கவே முடியாது.

ஆகவே உயில். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஆணின் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு வாரிசுப் பட்டியல் இரண்டிலும் பெரியப்பா மகள் கிடையாது. பெண்ணின் சொத்து இன்னும் மோசம். கணவரை இழந்த, பிள்ளையில்லாத ஒருத்தி தன் சம்பளத்தில் வாங்கிய வீடு, உயில் இல்லாவிட்டால் கணவர் வழி வாரிசுகளுக்கே போகும், அவர்கள் அவளை எட்டிப் பார்த்திருக்காவிட்டாலும். (கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்குச் சட்டம் வேறு. முஸ்லிம்கள் உயிலால் கொடுக்கக்கூடிய அளவுக்கே வரம்பு உண்டு.)

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனால் பதிந்துவிடுங்கள், பின்னால் ‘இது கையெழுத்தே இல்லை’ என்று சொல்வது கடினமாகும். இரண்டு சாட்சிகள், இருவரும் எழுதியவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சொத்தைப் பெறப்போகிறவளோ அவள் கணவனோ சாட்சியாக வேண்டாம். சாட்சிகள் எழுதியவரைவிட வயதில் இளையவர்களாக இருப்பது நல்லது, நீதிமன்றத்தில் வந்து சொல்ல உயிரோடு இருக்க வேண்டுமே. ஒருவர் மருத்துவரானால் மனநிலை பற்றிய கேள்வி எழாது. எல்லாவற்றையும்விட முக்கியம் காரணம். உடன்பிறந்தவர் இருக்க ஒன்றுவிட்டவளுக்கு ஏன் கொடுக்கிறேன் என்று இரண்டு வரி எழுதாத உயில்தான் சந்தேகத்துக்கு ஆளாகும். சர்வே எண், கதவு எண், பட்டா எண், கணக்கு எண் எல்லாம் ஆவணத்தில் உள்ளபடியே இருக்கட்டும். அவள் பெயரும் ஆதாரில் உள்ள எழுத்துப்படி. ‘செல்லம்’, ‘பாப்பா’ என்று வீட்டுப் பெயரில் எழுதப்பட்ட உயில்கள் உண்மையிலேயே இருக்கின்றன.

மருத்துவமனையில் சேரும்போது, தொடர்புக்குரியவர் கட்டத்தில் அவள் பெயரையும் எண்ணையும் நாமே எழுதிவிட வேண்டும், மயங்கிக் கிடக்கும்போது கேட்க மாட்டார்கள். உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்பதுபோன்ற முடிவுகளுக்கு முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் எழுதலாம். உச்ச நீதிமன்றம் 2018ல் ஏற்று 2023ல் எளிமையாக்கிய முறைப்படி இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்று போதும். நம் சார்பில் முடிவு சொல்பவராக அதில் அவள் பெயரைக் குறிப்பிடலாம்.

கடைசியாகச் சிறுநீரகம். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் ‘நெருங்கிய உறவினர்’ பட்டியலை 2011ல் விரித்துத் தாத்தா பாட்டி, பேரன் பேத்திகளைச் சேர்த்தார்கள். சித்தி மகள் அப்போதும் வரவில்லை. அவள் கொடுக்க முன்வந்தால் அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பணத்துக்காக அல்ல என்பதைக் குழு உறுதி செய்யும். சேர்ந்து வாழ்ந்ததற்கான ஆதாரம் கேட்கும். தருபவரும் பெறுபவரும் ஒன்றாக இருக்கும் பழைய புகைப்படங்களைப் பார்க்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் விதியே சொல்கிறது.

ஆக அந்தத் திருவிழாப் படம், பாட்டி வீட்டுத் திண்ணைப் படம், ஒரே துணியில் தைத்த பாவாடையோடு நிற்கும் படம் எல்லாம் ஆவணம்தான். கறையான் ஏறும் பரணில் போடாதீர்கள். பின்புறம் வருடம், ஊர், யார் யார் என்று எழுதி வையுங்கள். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மென்மையான பென்சில் போதும். பசை போட்டு ஒட்டும் பழைய ஆல்பங்களில் படம் மஞ்சளடிக்கும், ஒட்டிக்கொண்டு கிழியவும் செய்யும். ஸ்கேன் செய்த பிரதி ஒன்று உங்களிடம், ஒன்று அவளிடம்.