கொள்ளளவிக்குக் கிடைப்பது எத்தனை வோல்ற்று?

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மலையகத் தம்பி தங்கையருக்கு, தவணைப் பரீட்சையில் நான் கோட்டைவிட்ட கணக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

12 வோல்ற்று பற்றரியுடன் 2 கிலோஓம், 4 கிலோஓம் தடையிகள் தொடராக இருந்தன. 4 கிலோஓமுக்குச் சமாந்தரமாக 3 மைக்ரோபரட் கொள்ளளவி, அதாவது இரு தட்டுகளில் மின்னேற்றத்தைப் பிரித்து வைக்கும் சாதனம். முழுதாக ஏற்றப்பட்டபின் அதிலுள்ள ஏற்றம் என்ன? 12ஐ 3ஆல் பெருக்கி 36 மைக்ரோகூலோம் என்று எழுதினேன். விடை 24. ஏற்றம் முடிந்ததும் கொள்ளளவிக் கிளையில் மின்னோட்டம் இல்லை. எனவே தடையிகளை மட்டும் பாருங்கள்: 2 மில்லியம்பியர் ஓடுகிறது, 4 கிலோஓமுக்குக் குறுக்கே 8 வோல்ற்று. கொள்ளளவிக்கும் அந்த 8தான்; அதை 3ஆல் பெருக்கினால் 24.

சூத்திரம் எனக்கு மனப்பாடம். நடப்பதுதான் புரிந்திருக்கவில்லை. புரியவைத்தவை எங்கள் லயத்துக்குப் பின்னால் அருகருகே இருந்த இரண்டு தொட்டிகள். பெரியது பீலித் தண்ணீரால் எப்போதும் நிறைந்திருக்கும். அடியில் ஒரு குழாய் இரண்டையும் இணைக்கும். சிறியதைக் கழுவிவிட்டுத் திறந்தால் முதலில் தண்ணீர் சீறிக்கொண்டு வரும்; மட்டம் உயர உயர வேகம் தளரும்; இரு மட்டங்களும் சமமானதும் நின்றுவிடும். கொள்ளளவியின் மின்னழுத்தமும் இப்படித்தான் பற்றரியை எதிர்த்து உயர்கிறது. ஆனால் தொட்டி உவமை ஓரிடத்தில் பொருந்தாது. கொள்ளளவிக்குள் ஏற்றம் புதிதாக வந்து சேர்வதில்லை. ஒரு தட்டிலிருந்து வெளியேறும் அளவு இலத்திரன்கள் மற்றத் தட்டில் சேர்கின்றன; இடைவெளியை எதுவும் தாண்டுவதில்லை. இரு தட்டுகளின் மொத்த ஏற்றம் பூச்சியமே; 24 என்பது ஒரு தட்டிலுள்ள அளவு. இதை நான் மிகவும் தாமதமாகவே உணர்ந்தேன்.

முடிந்தால் செய்து பாருங்கள். ஹட்டனில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் வாங்கிய 470 மைக்ரோபரட் கொள்ளளவி, 100 கிலோஓம் தடையி, 9 வோல்ற்று பற்றரி, வோல்ற்றை அளக்க ஒரு பல்மானி ஆகியவை எனக்குப் போதுமாக இருந்தன. கொள்ளளவியில் கோடிட்ட பக்கம் மறை முனை, மாற்றி இணைக்காதீர்கள். தடையையும் கொள்ளளவத்தையும் பெருக்கினால் நேர மாறிலி 47 செக்கன். அதற்குள் ஏறத்தாழ 5.7 வோல்ற்று ஏறும். அடுத்த 47 செக்கனில் கூடுவது 2.1 வோல்ற்று மட்டுமே. பல்மானியில் எண்கள் தயங்கித் தயங்கி ஏறுவதைப் பார்த்த பின் பாடநூலிலுள்ள ஏற்ற வளையியை நான் மறக்கவில்லை.

வினாத்தாளில் ‘ஆளி மூடப்பட்ட கணத்தில்’ என்றிருக்கிறதா, ‘நெடுநேரத்தின் பின்’ என்றிருக்கிறதா என்பதை முதலில் அடிக்கோடிடுங்கள். ஏற்றப்படாத கொள்ளளவிக்குக் குறுக்கே அழுத்தம் பூச்சியம். அந்தக் கணத்தில் அது வெறும் கம்பிதான். மேலேயுள்ள சுற்றில் அப்போது 4 கிலோஓமில் மின்னோட்டமே இல்லை. 12 வோல்ற்றும் 2 கிலோஓமுக்குக் குறுக்கே விழுவதால், பற்றரி தருவது 6 மில்லியம்பியர்.