லாஃப்ட் அறை போட்டால் வீட்டு விலை ஏறுமா?

ஊரில் வீடு கட்டும்போது மொட்டை மாடியில் தூண் கம்பிகளை நீட்டி விட்டுவிடுவோம், காசு சேர்ந்ததும் மேல்தளம் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பில். லண்டனில் ஏழு வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு, அதன் வடமேற்கு ஓரத்தில் இருக்கிற ஹாரோவில் வீடு வாங்கியபோது எனக்கும் அதே நினைப்புதான் வந்தது. ஆனால் இங்கே மேலே இருப்பது சாய்ந்த ஓட்டுக் கூரை. அதற்கு அடியில் பழைய தண்ணீர்த் தொட்டியும், கைபட்டால் அரிக்கும் கண்ணாடிக் கம்பளியும் கிடக்கிற இருட்டு இடம், நம் பரண் மாதிரி, ஆனால் நடுவில் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அதைத்தான் லாஃப்ட் என்கிறார்கள்.

எங்களுடையது 1930-களில் கட்டிய செமி, அதாவது நடுச்சுவர் ஒட்டிய இரட்டை வீட்டில் ஒரு பாதி. பேருக்கு மூன்று படுக்கையறை, மூன்றாவதில் கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. இரண்டாவது பிள்ளை வந்த பிறகு வேறு வீடு பார்க்கலாமா என்று கணக்குப் போட்டோம். 2025 ஏப்ரலுக்குப் பிறகு இருக்கிற ஸ்டாம்ப் டியூட்டிப்படி 7 லட்சம் பவுண்டு வீட்டுக்கு 25,000 பவுண்டு அரசுக்கே போய்விடும். விற்கிற வீட்டுக்கு ஏஜென்ட் கமிஷன், வக்கீல் செலவு, சர்வே எல்லாம் தனி. அப்போதுதான் அலுவலக நண்பர் சொன்னார்: "எதுக்கு அலையறீங்க, மேல ஒரு ரூம் போடுங்க, கண்ண மூடிக்கிட்டு ஒரு லட்சம் ஏறும்."

அந்த ஒரு லட்சத்தை நம்பித்தான் இறங்கினேன். வீட்டுக் கடன் கொடுக்கிற நேஷன்வைட் பில்டிங் சொசைட்டி வெளியிட்ட ஆய்விலும், பெரிய இருவர் படுக்கையறையும் குளியலறையும் சேர்த்தால் வீட்டின் விலை 20 சதவீதத்துக்கு மேலும் கூடலாம் என்று இருந்தது. கூடலாம் என்பதை நான் கூடும் என்று படித்துக்கொண்டேன்.

முதலில் வந்து பார்த்த பில்டர் மிகவும் குறைந்த விலை சொன்னார். "கவுன்சில் பேப்பர் எல்லாம் வேண்டாம், மடக்கு ஏணி வைத்து, தரையில் பலகை அடித்து, இரண்டு ஜன்னல் போட்டு மூன்று வாரத்தில் தருகிறேன்" என்றார். கவுன்சில் என்பது நம் ஊர் நகராட்சி மாதிரி. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. என் மனைவிதான், "பிள்ளைகளை அங்கே படுக்க வைக்கப் போகிறோம், நெருப்புப் பிடித்தால் எப்படி இறங்குவார்கள்?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில்தான் இங்கே லாஃப்ட் சட்டமே அடங்கியிருக்கிறது என்று பிறகு புரிந்தது.

பிளானிங் அனுமதியும் பில்டிங் ரெகுலேஷனும் வேறு வேறு. முன்னது வீட்டை வெளியே எவ்வளவு, எப்படிப் பெருக்கலாம் என்பது, பின்னது கட்டுவது உறுதியாகவும் பத்திரமாகவும் இருக்கிறதா என்பது. இதைக் குழப்பிக்கொள்ளாத புதியவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இங்கிலாந்தில் பல வீடுகளுக்குத் தனியாக பிளானிங் அனுமதி வாங்காமலே லாஃப்ட் போடலாம். வரிசை வீடு என்றால் 40 கன மீட்டர், செமியோ தனி வீடோ என்றால் 50 கன மீட்டர் வரை கூரையைப் பெருக்கலாம், தெருவைப் பார்த்த சரிவுக்கு முன்னால் எதுவும் நீட்டக் கூடாது, கூரையின் உச்சியைத் தாண்டக் கூடாது. ஃபிளாட்டுகளுக்கு இந்தச் சலுகை இல்லை, பழைய தோற்றம் கெடாமல் காக்கிற கன்சர்வேஷன் ஏரியாவிலும் கிடையாது. ஆனால் ஆள் தங்குகிற அறை என்றாலே பில்டிங் ரெகுலேஷன் உண்டு, அதில் யாருக்கும் விலக்கு இல்லை. பழைய சீலிங் கட்டைகள் ஆள் நடமாட்டத்தைத் தாங்காது, அதனால் புதுத் தரைக்கட்டைகள், பெரும்பாலும் இரும்பு பீம். நிலையான படிக்கட்டு. படியிலிருந்து வாசல் கதவு வரை அரை மணி நேரம் நெருப்பைத் தடுக்கிற பாதை, அதைப் பார்த்த அறைகளுக்கெல்லாம் தீத்தடுப்புக் கதவு. ஒவ்வொரு தளத்திலும் ஒன்றோடொன்று இணைத்த, மின்சார இணைப்புள்ள புகை அலாரம். எங்கள் வீட்டில் 1930-களின் அழகான மரக் கதவுகள் இருந்தன, அவற்றைக் கழற்றிக் கொடுத்த அன்று மனசு கனத்துப் போனது. அந்தக் கதவுச் செலவு முதல் கொட்டேஷனில் இல்லவே இல்லை. கேட்டு எழுதி வாங்குங்கள், 20 சதவீத வாட் சேர்த்தா சேர்க்காமலா என்பதையும்.

இனி சொல்வதுதான் விலைக்கு முக்கியமான விஷயம். படி எங்கே ஏறுகிறது என்று பாருங்கள்.

எங்களுக்கு வந்த முதல் வரைபடத்தில் புதுப் படிக்கட்டு அந்தச் சின்ன மூன்றாவது அறையைத் தின்றுவிட்டு மேலே போனது. அறை கணக்குப் பார்த்தால் மேலே ஒன்று வந்தது, கீழே ஒன்று போனது. தெருமுனை எஸ்டேட் ஏஜென்ட் ஒருவரிடம் காட்டினேன், அவர் ஒரே வரியில், "இது அப்போதும் மூன்று படுக்கையறை வீடுதான், அந்த விலைக்குத்தான் போகும்" என்றார். திரும்ப வரையச் சொன்னோம். பழைய படிக்கு நேர் மேலேயே புதுப் படி வந்தால் அறை எதுவும் போகாது, ஆனால் தலைக்கு மேலே இடம் வேண்டும். சாதாரணமாக 2 மீட்டர் உயரம் கேட்பார்கள், லாஃப்ட் படிக்கு நடுவில் 1.9 மீட்டர், ஓரத்தில் 1.8 என்று கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். 1930-களின் செமிகளில் படிக்கட்டு பெரும்பாலும் பக்கச் சுவரை ஒட்டித்தான் இருக்கும், கூரையும் அந்தப் பக்கம்தான் சரிந்து இறங்கும். அதனால் அந்தச் சரிவை எடுத்துவிட்டுப் பக்கச் சுவரை முக்கோணமாக உச்சி வரை உயர்த்த வேண்டியிருந்தது. ஹிப் டு கேபிள் என்பார்கள். கூடவே பின்பக்கம் டார்மர், கூரைச் சரிவிலிருந்து பெட்டி மாதிரி வெளியே எழுப்புகிற ஜன்னல் பகுதி. இரண்டின் அளவும் சேர்த்துத்தான் அந்த 50 கன மீட்டருக்குள் வர வேண்டும், எங்களுக்கு மயிரிழையில் வந்தது. பிறகு விற்கும்போது யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று கவுன்சிலில் லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட்டும், அதாவது இந்த வேலை சட்டப்படி சரி, தனி பிளானிங் அனுமதி தேவையில்லை என்கிற தாளும், வாங்கி வைத்தோம்.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர். பீம் பொதுச் சுவரில் உட்காருவதால் 1996-ஆம் வருஷத்துப் பார்ட்டி வால் சட்டப்படி இரண்டு மாதம் முன்னாலேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர்கள் 14 நாளுக்குள் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் சர்வேயர் வைக்க வேண்டியதாகிவிடும், பெரும்பாலும் அவர்கள் தரப்பு சர்வேயருக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா தனியாக இருப்பவர். தபாலில் அனுப்பாமல் நேரில் போய் உட்கார்ந்து வரைபடத்தைக் காட்டினோம். எத்தனை மணிக்குத் தட்டுவார்கள், சனிக்கிழமை உண்டா, அவ்வளவுதான் கேட்டார், கையெழுத்துப் போட்டார். அதுவரை ஐந்து வருஷமாக வேலிக்கு மேலே கையசைத்ததோடு சரி. இந்த நாட்டில் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார எனக்கு ஒரு சட்ட நோட்டீஸ் தேவைப்பட்டிருக்கிறது என்று நினைக்க வருத்தமாகத்தான் இருந்தது.

கட்டுமானக் கதையை நீட்டவில்லை. மூன்று மாதம் தூசி. தொட்டி இருந்த இடம்தான் அறையாகிறது, அதனால் தொட்டியை எடுத்துவிட்டு, தொட்டி இல்லாமலே வெந்நீர் தருகிற கோம்பி பாய்லருக்கு மாறினோம், இதுவும் கொட்டேஷனுக்கு வெளியே. குளியலறையைக் கீழே இருக்கிற கழிவுக் குழாய்க்கு நேர் மேலே வையுங்கள், பாதித் தலைவலி போய்விடும். வெப்பத் தடுப்பில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 2022 ஜூலை 19-ல் இங்கிலாந்தில் வெயில் 40.3 டிகிரி வரை போனபோது நண்பர் ஒருவர் தன் லாஃப்டில் படுக்க முடியாமல் குடும்பத்தோடு கூடத்தில் பாய் விரித்தார்.

சரி, விலைக்கு வருகிறேன். எல்லாம் சேர்த்து எங்களுக்கு 74,000 பவுண்டு ஆனது. வேலைக்கு முன் ஏஜென்ட் சொன்ன விலை 6 லட்சத்து 10 ஆயிரம். முடிந்த பிறகு வந்து பார்த்து 6 லட்சத்து 90 ஆயிரம் என்றார். ஆக 80,000 ஏறி 74,000 போயிருக்கிறது. நண்பர் சொன்ன ஒரு லட்சம் எங்கே என்று கேட்டேன். எங்கள் தெருவில் நான்கு படுக்கையறை வீடு எதுவும் 7 லட்சத்தைத் தாண்டியதில்லை, உள்ளே தங்கம் இழைத்தாலும் அந்தத் தெருவின் உச்சத்துக்கு மேல் வாங்குபவர் வர மாட்டார் என்றார். எனவே பில்டரைக் கூப்பிடும் முன் லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் விற்பனை விலைகளில் உங்கள் தெருவைப் பாருங்கள். மூன்றறை வீட்டுக்கும் நான்கறை வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ, ஏறக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான். லாபத்துக்காக மட்டும் என்றால் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எங்களுக்கு அந்த ஸ்டாம்ப் டியூட்டி 25,000 மிச்சமானது, பள்ளிக்கூடம் மாறவில்லை, தோட்டத்தில் ஒரு அடி போகவில்லை. பெரியவன் மேலே போய்விட்டான், சின்ன அறை இப்போது அம்மா வந்தால் தங்குவதற்கு. கவுன்சில் டாக்ஸ் பேண்ட், அதாவது வீட்டு வரிக்கான படிநிலை, உடனே மாறாது, வீடு கை மாறும்போதுதான் மறுபடி பார்ப்பார்கள். வீட்டுக் கடன் கொடுத்தவருக்கும் இன்சூரன்ஸுக்கும் மட்டும் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசியில், பில்டிங் ரெகுலேஷன்படி வேலை நடந்ததா என்று பார்க்கிற பில்டிங் கண்ட்ரோல் தருகிற கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்டைப் பத்திரத்தோடு வையுங்கள். அந்த ஒற்றைத் தாள் இல்லாவிட்டால் மேலே இருப்பதைப் படுக்கையறை என்று ஏஜென்ட் விளம்பரத்தில் போட மாட்டார், "லாஃப்ட் ரூம்" என்றுதான் போடுவார். எனக்கு ஒரு லட்சம் ஏறும் என்று சொன்ன நண்பரின் வீட்டில் இருப்பது அதுதான், முந்தைய சொந்தக்காரர் போட்டது. இப்போது அவர் விற்கப் போகிறார், வாங்குபவரின் வக்கீல் தாள் கேட்டிருக்கிறார். 1985 நவம்பர் 11-க்குப் பிறகு அனுமதியில்லாமல் செய்த வேலைக்குப் பின்னாலும் ரெகுலரைசேஷன், அதாவது பிற்பாடு பரிசோதித்துத் தருகிற ஒப்புதல், கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பதால் கவுன்சிலுக்குப் பணம் கட்டியிருக்கிறார். அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருகிறார், உள்ளே பீம் இருக்கிறதா என்று பார்க்கத் தரையை இரண்டு இடத்தில் பிரித்து வைக்கச் சொல்லியிருக்கிறாராம். சனிக்கிழமை நானும் கூடப் போகிறேன்.